மஞ்சளா, நீலமா?

நகரம் என்னும் பாடம் – 6

ஜே.இ.இ. மெயின் தேர்வில் 2பி தாள் எழுதி, டெல்லி, போபால், விஜயவாடா எஸ்.பி.ஏ.க்களில் (திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகள்) பி.பிளான் என்னும் திட்டமிடல் பட்டப்படிப்பில் இடம் வாங்குவது வரை சென்ற வாரம் பார்த்தோம். உள்ளே போனபின் மாணவர்களை முதலில் திணறடிப்பது ஸ்டூடியோ.

மற்ற பாடங்களுக்குக் குறித்த மணி நேரம் உண்டு. ஸ்டூடியோ செமஸ்டர் முழுவதையும் விழுங்கிவிடும். ஒரு வார்டையோ சிற்றூரையோ கொடுத்து, குழு குழுவாக அனுப்பிவிடுவார்கள். கையில் அடிப்படை வரைபடம். ஒவ்வொரு மனையின் முன்னும் நின்று, கட்டடம் எதற்குப் பயன்படுகிறது, எத்தனை மாடி, எந்த நிலையில் இருக்கிறது, தெரு எவ்வளவு அகலம், சாக்கடை எந்தப் பக்கம் போகிறது என்றெல்லாம் குறிக்க வேண்டும். திரும்பி வந்து, நிலப் பயன்பாட்டு வரைபடத்துக்கு வண்ணம் கொடுக்க வேண்டும். வீடு மஞ்சள், கடை நீலம், ஆலை ஊதா, பள்ளியும் மருத்துவமனையும் சிவப்பு, பூங்கா பச்சை. நம் நாட்டில் பொதுவாக வழங்கும் வண்ணங்கள் இவை.

திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே மெஸ். அதற்கு மேல் இரண்டு மாடிகளில் மேன்ஷன் அறைகள், ஊரிலிருந்து வேலை தேடி வந்த பையன்கள். உச்சியில் உரிமையாளர் குடும்பம். வாசலை ஒட்டி ஒரு தையல் மெஷின். இந்தக் கட்டடம் மஞ்சளா, நீலமா? மாணவர் முழித்துக்கொண்டு நிற்கும்போது தையல்காரர் தலையைத் தூக்கிக் கேட்பார்: “என்ன தம்பி, ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களா? எங்களை எடுத்துடுவாங்களா?” வரைபடத்தில் தான் தீட்டும் வண்ணத்தில் இன்னொருவர் பிழைப்பு இருக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.

காலையில் கணக்கெடுத்த தெருவுக்கே மாலை ஆறு மணிக்குப் போனால் அது வேறு தெரு. காலியாகக் கிடந்த நடைபாதையில் பூக்கூடை, பஜ்ஜிக் கடை, செருப்பு தைப்பவர். இவர்களுக்கு வரைபடத்தில் வண்ணமே கிடையாது. ஆனால் சட்டம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது இவர்களைக் கணக்கெடுத்து, இடம் ஒதுக்கித் திட்டம் போடச் சொல்கிறது 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம். விவரம் தெரிந்த ஆசிரியர் அதனால்தான் மாணவர்களை ஒரே தெருவுக்கு இரண்டு வேளையும் அனுப்புவார்.

முதலில் ஆய்வு, பிறகுதான் திட்டம் என்று பிடிவாதமாகச் சொன்னவர் பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர், தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914இல் இங்கு வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த ‘கிளான் கிராண்ட்’ கப்பலை ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. முந்தின மாதம் சென்னை மீது குண்டு வீசிவிட்டுப் போன அதே எம்டன்தான். தாய்நாட்டிலிருந்து நண்பர்கள் மறுபடி திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸில் கண்காட்சி நடந்தது.

பிறகு மாகாணத்து ஊர்களைச் சுற்றி அறிக்கை எழுதினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நெரிசலைக் குறைக்க, வீடுகளை இடித்து நேர்த்தெருக்கள் போடும் திட்டம் ஒன்று இருந்தது. கெடிஸ் அங்கே வேறு வழி சொன்னார். தேவையான இடத்தில் மட்டும் கொஞ்சம் இடித்து, சந்துகளைச் சற்றே அகலமாக்கி, கிடைக்கும் காலியிடத்தில் மரம் வைத்தால் போதும். செலவும் வெகுவாகக் குறையும் என்றார். எந்தச் சுவரை விட்டுவைக்கலாம் என்பது சந்துக்குள் நடந்தவருக்குத்தான் தெரியும்.

இன்றைக்கு எல்லாவற்றையும் நடந்தே அளக்க முடியாது, உண்மைதான். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி, 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. செயற்கைக்கோள் படமும் ஜி.ஐ.எஸ். மென்பொருளும் இல்லாமல் வேலை ஓடாது. ஆனால் மேலிருந்து எடுத்த படம் கூரையைத்தான் காட்டும். அதற்கடியில் மெஸ் நடக்கிறதா, குடும்பம் இருக்கிறதா என்று காட்டாது.

படித்து முடித்தவர்களுக்கு வேலை இருக்கிறதா? தேவை மலைபோல் கிடக்கிறது. நாட்டின் 7,933 நகர்ப்புறங்களில் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டமே இல்லை என்றது நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை. மாநில நகரமைப்புத் துறைகளில் ஒப்புதல் பெற்ற திட்டமிடுநர் பணியிடங்கள் அப்போது நாலாயிரத்துக்கும் குறைவு. அதிலும் 42 சதவீதம் காலி. உள்ளே போகிறவர்களில் பலருக்குக் கட்டட அனுமதிக் கோப்புகளைப் பார்ப்பதிலேயே பொழுது போய்விடும். தெருவைப் பார்க்கும் பழக்கம் கல்லூரியிலேயே படியாவிட்டால், பிறகு படிய வாய்ப்பு குறைவு.

ஆகவே, கல்லூரி பார்க்கப் போகும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு யோசனை. கணினிக் கூடத்தைப் பெருமையாகக் காட்டுவார்கள், பாருங்கள். பார்த்துவிட்டு, செமஸ்டருக்கு எத்தனை வாரம் களத்துக்கு அனுப்புகிறீர்கள், கூட ஆசிரியர் வருவாரா என்று கேளுங்கள். இதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால், அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.

(அடுத்த வாரம்: போக்குவரத்துத் திட்டமிடல் வகுப்பு ஏன் பேருந்து நிறுத்தத்தில் தொடங்குகிறது?)