ரீங்காரத்துக்குத் திறக்கும் பூ

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிறவர்கள், குன்றடிவாரத்திலும் ஏரிக்கரையிலும் தரிசிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையைப் பார்க்காமல் இருக்க முடியாது. யாரும் தண்ணீர் ஊற்றாத செடி அது. பல ஊர்களில் பொங்கலுக்குக் காப்புக் கட்ட அதன் பூவும் வேண்டும். தோல் பதனிட அதன் பட்டையை வண்டி வண்டியாக உரித்த காலமும் உண்டு. இத்தனை பழக்கப்பட்ட பூவாக இருந்தும், அதன் நடுவில் இருப்பதை நம்மில் பெரும்பாலோர் கவனித்ததில்லை.

அங்கே பத்து மகரந்தத் தாள்கள் இருக்கின்றன. மேலே உள்ள மூன்றும் மலடு. மற்றவற்றில் சில குட்டை. கீழ்ப்பக்கத்துத் தாள்கள் நீண்டு வளைந்தவை. ஒரே பூவுக்குள் ஏன் இத்தனை விதம்? பூவைத் தேடி வரும், மரம் குடையும் தேனீயான கருவண்டைப் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. வருகிற பூச்சிக்குக் கிடைப்பது மகரந்தம் மட்டுமே. அதுவும் செம்பருத்தியில் இருப்பதைப் போல வெளியே தூளாக ஒட்டிக்கொண்டிருக்காது. மகரந்தப் பையின் நுனியில் உப்புக் குப்பியின் மூடியில் இருப்பதுபோல் சிறு துளை மட்டும் உண்டு. கருவண்டு வந்து தாள்களைக் கட்டிப் பிடிக்கிறது. சிறகை மடக்கிக்கொண்டு, பறக்கப் பயன்படும் மார்புத் தசைகளை மட்டும் அதிர வைக்கிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை எழும் அந்த அதிர்வில் மகரந்தம் துளை வழியே பீய்ச்சி அடிக்கிறது. காலையில் ஆவாரம்புதர் அருகே நின்றால் இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம்: பறக்கும்போது வருவதைவிட உச்சமான சத்தம், விட்டுவிட்டு வரும்.

மகரந்தத்தில் புரதம் அதிகம். அதைச் செய்வது செடிக்குப் பெரும் செலவு. திறந்து வைத்தால் வருகிற பூச்சியெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும். துளை குறுகிய பூக்களோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தன. அதனால் வண்டு பூப்பூவாக அலைய வேண்டியிருந்தது; அப்படி அலைந்ததில் அந்தச் செடிகளுக்கு விதை கூடுதலாகப் பிடித்தது. தலைமுறை தலைமுறையாக இது நடந்தால் துளைப்பூ நிலைத்துவிடும். ஒரு குடும்பத்தில் மட்டும் நடந்ததல்ல இது. தொடர்பே இல்லாத பல குடும்பங்களில் தனித்தனியாக நடந்திருக்கிறது. இவ்வகைப் பூக்கள் உலகில் சுமார் 20,000 இனங்களில் உண்டு என்று மதிப்பிடுகிறார்கள்.

குட்டைத் தாள்கள் வண்டுக்குச் சாப்பாடு. அது அவற்றை உலுக்கிக்கொண்டிருக்கும்போது, நீண்ட தாள்கள் அதன் உடம்பில் கால் எட்டாத இடமாகப் பார்த்து மகரந்தத்தைப் பூசிவிடுகின்றன. சூலகத் தண்டோ ஒரு பூவில் இடப்பக்கமும் இன்னொரு பூவில் வலப்பக்கமும் சாய்ந்திருக்கிறது, கண்ணாடியில் பார்த்த பிம்பம் மாதிரி. வண்டின் ஒரு விலாவில் ஒட்டியது, எதிர்ப்பக்கம் சாய்ந்த பூவின் சூலகமுடியில் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். தன் மகரந்தம் தன்னிடமே விழுவது குறைகிறது. ஆவாரையின் இந்த அமைப்பை ரிவ்கா டல்பெர்கர் என்ற தாவரவியலாளர் 1981-இல் விரிவாக எழுதினார்.

இந்தப் புதிர் டார்வினையும் விடவில்லை. அமெரிக்காவின் ஜேம்ஸ் டாட் 1882-இல், கத்தரிப் பேரினத்தைச் சேர்ந்த ஒரு காட்டுச் செடியின் இடசாய்வு, வலசாய்வுப் பூக்களைப் பற்றி எழுதியிருந்தார். அதைப் படித்த டார்வின், தாமே வளர்த்துச் சோதிக்க அதன் விதைகளைக் கேட்டு ஏப்ரல் 10-ஆம் தேதி அவருக்குக் கடிதம் எழுதினார். ஒன்பது நாளில் இறந்துபோனார். முன்பின் தெரியாத ஒருவரிடம் 73 வயதில் விதை கேட்டு எழுதிய அந்த ஆர்வத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

சித்திரையில் சரம் சரமாகத் தொங்கும் கொன்றையிலும் இதை ஒத்த ஏற்பாடுதான். தோட்டத்துக் கத்தரியும் தக்காளியும்கூடத் துளைப்பூக்களே. காற்று ஆட்டினாலே அவை ஓரளவு காய்க்கும். வண்டு வந்து அதிர வைத்தால் காய்ப்பு மேம்படும். ஐரோப்பாவில் கண்ணாடி வீட்டுத் தக்காளிக்கு ஒரு காலத்தில் ஆட்கள் அதிர்வுக் கருவியோடு பூங்கொத்து பூங்கொத்தாகப் போனார்கள். 1980-களின் கடைசியில் அதிரத் தெரிந்த பம்பிள் தேனீக்களைக் கூட்டோடு வாங்கி வைக்கத் தொடங்கினார்கள்.

நம்மூரில் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. மகரந்தச் சேர்க்கை குறைகிறது என்ற பேச்சு வந்ததும், தேனீப் பெட்டி வைத்தால் போதும் என்று நம்மவர்கள் தீர்வு சொல்லிவிடுகிறார்கள். முருங்கைக்கும் எள்ளுக்கும் அது உதவும். ஆவாரைக்கும் கொன்றைக்கும் கத்தரிக்கும் வேண்டியவை வேறு: கருவண்டும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட சின்னத் தேனீயும். இவற்றுக்குப் பெட்டி கிடையாது. கருவண்டு பட்ட கிளையையும் காய்ந்த மூங்கிலையும் குடைந்து, தனித்தனி அறை கட்டி, அறைக்கு ஒன்றாக முட்டையிடும். பூச்சி உலகிலேயே மிகப் பெரிய முட்டைகளில் அதுவும் ஒன்று; அதனால் எண்ணிக்கை மிகக் குறைவு. நீலப்பட்டைத் தேனீக்கு மண்சுவரும் ஏரிக்கரையின் மண்சரிவும் வேண்டும்.

ஆவாரை தேன் தராததால், வண்டு தேனுக்கு வேறு செடியைத் தேட வேண்டும். மாமல்லபுரத்துக் கடற்கரை மணலில் எருக்கும் அடும்பும் இருக்கின்றன. எருக்கின் மகரந்தம் பொட்டலமாக வண்டின் காலில் மாட்டிக்கொண்டு போகிறது. அதைத் தின்ன முடியாது. ஆனால் எருக்கில் தேன் உண்டு. ஒன்றில் மாவும் இன்னொன்றில் இனிப்புமாக வண்டின் பிழைப்பு நடக்கிறது. எருக்கைக் களை என்று வெட்டிச் சுத்தப்படுத்தினால் அதன் இழப்பு ஆவாரை வரைக்கும் போகும்.

பழைய மாமல்லபுரம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மனைப்பிரிவு போடும்போது முதலில் சாய்வது இந்தத் தரிசுதான். தோல் பதனிடும் ஷாப்புக்காக வெட்டிய காலத்தில் ஆவாரை அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்தது. பக்கத்தில் பட்ட மரமும் மண்கரையும் எருக்கும் இருந்தன. இப்போது எல்லாமே ஒரே நாளில் போகின்றன. மனைக்கு நடுவே பூங்கா விடும் உள்ளாட்சிகளும், ஏரிக்கரையைச் சிமென்ட் பூசி அழகுபடுத்தும் துறைகளும், ஒரு மூலையையாவது முள்ளும் புதரும் காய்ந்த கட்டையுமாக விட்டுவைக்கலாம். சாலையோரம் கொன்றைக் கன்று நட்டால் மட்டும் போதாது. சித்திரையில் அது பூக்கும்போது உலுக்க வண்டு இல்லையென்றால், மகரந்தத்தில் பெரும்பகுதி பைக்குள்ளேயே கிடந்து பூவோடு உதிரும்.