குளிர்பதன அறைச் சீரமைப்பு: செலவுக்கு முன் கணக்கு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத் தோப்புகளில் மாம்பழ வரத்து ஒரே சமயத்தில் குவியும்போது விலை சரிந்துவிடுகிறது. சில நாட்கள் தாங்கி விற்க, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து வைத்துக்கொள்ளும் சிறிய குளிர்பதன அறை உதவும். ஆனால் தாங்கி விற்றதில் கிடைத்த லாபம் மின் கட்டணத்தில் போய்விட்டால் பயனில்லை. பழைய அறையைச் சீரமைக்கக் கடன் வாங்கும் முன், மின்சாரம் எங்கே செலவாகிறது என்று கணக்குப் பார்ப்பது அவசியம்.

கம்ப்யூட்டர் கணக்கு

பெரிய கட்டடங்களைச் சீரமைக்கும் முன் பொறியாளர்கள் இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். அமெரிக்க அரசின் எரிசக்தித் துறை 2001-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘எனர்ஜிபிளஸ்’ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கட்டடத்தின் அளவு, சுவர், கூரை, இயந்திரம், கதவு திறக்கும் நேரம், ஊரின் தட்பவெப்பம் ஆகியவற்றைக் கொடுத்தால், ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் மின்செலவைக் கணக்கிட்டுச் சொல்லும்.

முதலில், இந்த விடை ஓராண்டு மின் கட்டணச் சீட்டுகளுடன் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்டு மொத்தத்தில் வேறுபாடு நூற்றுக்கு ஐந்துக்குள் இருப்பது நலம். அதன் பிறகே ஒவ்வொரு மாற்றத்தையும் கம்ப்யூட்டரில் செய்து பார்த்து, எது எத்தனை யூனிட் மிச்சப்படுத்தும் என்று ஒப்பிடலாம்.

ஓர் உதாரணம்

நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்து அடி கொண்ட அறை என்று வைத்துக்கொள்வோம். வெளியே இரவு பகல் சராசரி வெப்பம் 32 டிகிரி, உள்ளே 13 டிகிரி சென்டிகிரேடு. ஒரு யூனிட் மின்சாரம் இரண்டரை யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் என்று கொள்வோம்.

சுவர்த் தகட்டின் நுரைக் கனம் 60 மில்லிமீட்டர் என்றால், சுவர், கூரை, தரை வழியே வரும் வெப்பத்தை நீக்க நாளொன்றுக்குச் சுமார் 3.6 யூனிட் தேவை. கனத்தை 100 மில்லிமீட்டராக்கினால் 2.2 யூனிட் போதும். மிச்சம் 1.4 யூனிட்.

இனிப் பழத்தைப் பாருங்கள். உச்சி வெயிலில் பறித்து 35 டிகிரிச் சூட்டோடு வந்த ஒரு டன் பழத்தை 13 டிகிரிக்குக் கொண்டுவர 9 யூனிட் வேண்டும். விடியற்காலையில் பறித்து 27 டிகிரியில் வந்த பழத்துக்கு 5.8 யூனிட் போதும். காசு செலவில்லாமல் டன்னுக்கு 3 யூனிட்டுக்கு மேல் மிச்சம்.

தினமும் ஒரு டன் ஏற்றும் குழுவுக்கு, நேரம் பார்த்துப் பறிப்பதால் மாதம் சுமார் 100 யூனிட் மிஞ்சும். தகட்டை மாற்றினால் 40 யூனிட்தான் மிஞ்சும். வாரம் இரண்டு டன் மட்டும் ஏற்றும் குழுவுக்கோ நிலைமை தலைகீழ்: பறிக்கும் நேரத்தால் வாரத்துக்கு ஆறரை யூனிட், தகட்டால் பத்து யூனிட். ஒரே அளவு அறைதான். பயன்படுத்தும் முறை மாறினால் விடையும் மாறுகிறது. ஆகவே பக்கத்து ஊரில் செய்ததைப் பார்த்து அப்படியே செய்வது சரியல்ல.

பழம் விடும் மூச்சு வெப்பமும், கதவு திறக்கும்போது புகும் சூடான காற்றும் இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. மென்பொருளில் போடும்போது அவற்றையும் சேர்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. அதிகாலையில் பறிக்கும் காயில் பால் அதிகம் வடியும். சிறிது காம்பு விட்டுப் பறித்து, பிறகு காம்பைக் கிள்ளிக் கவிழ்த்து வைத்துப் பால் வடியவிட வேண்டும். மாலையில் பறித்தால், இரவு முழுவதும் காற்றோட்டமான கொட்டகையில் பரப்பிவைத்துக் காலையில் ஏற்றலாம்.

2. மாங்காய்க்கு 13 டிகிரி போதும். அதற்கும் கீழே வெகுவாகக் குறைத்தால் தோல் கறுத்து, சரிவரப் பழுக்காது, மின்சாரமும் வீண்.

3. கதவின் ரப்பர் விளிம்பு கிழிந்திருந்தால் உடனே மாற்றவும். வெளியே உள்ள இயந்திரப் பகுதிக்கு நிழலும் காற்றோட்டமும் வேண்டும்.

4. மென்பொருளுக்கு வேறு ஊரின் தட்பவெப்பக் கணக்கைக் கொடுத்திருந்தால், அது நம் மலையடிவாரத்துக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

பால் சேகரிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார விவசாயிகளுக்கும் இக்கணக்கு பொருந்தும். 35 டிகிரியில் வரும் பாலை 4 டிகிரிக்குக் குளிர்விக்குமுன், பால் கேனைக் கிணற்றுத் தண்ணீரில் நிறுத்தி 28 டிகிரிக்குக் கொண்டுவந்தால், இயந்திரத்தின் வேலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும்.

மென்பொருளை விவசாயியே இயக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பிடம் சான்று பெற்ற தணிக்கையாளரிடம் குழுவாகச் சேர்ந்து கேட்கலாம். கோவை, குமுளூர் வேளாண் பொறியியல் கல்லூரிகளிலும் ஆலோசனை கேட்கலாம். போகும்போது ஓராண்டு மின் கட்டணச் சீட்டுகள், அறையின் அளவு, தினமும் ஏற்றிய பழத்தின் எடை, ஏற்றிய நேரம் ஆகிய குறிப்புகளைக் கொண்டுபோங்கள். இந்தக் குறிப்பேட்டை இந்தப் பருவத்திலிருந்தே எழுதத் தொடங்கினால், அடுத்த பருவத்துக்கு முன் எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்யலாம்.