மிதவையில் மீன் பிடிப்பவருக்கு எந்தக் கால் துடுப்பு?

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் ஹெப்கன் என்றோர் ஏரி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் சுமார் 2000 மீட்டர். ஆகஸ்டு மாதக் காலை வேளையில் காற்று அடங்கி, நீர்ப்பரப்பு அசையாமல் கிடக்கும்போது, ஈசலைப் போன்ற மெல்லிய சிறகுள்ள பூச்சிகள் நீரின்மேல் வந்து படியும். அவற்றை விழுங்க ட்ரவுட் மீன்கள் மேலே வரும். நம் நீலகிரியில் அவலாஞ்சிப் பண்ணையில் வளர்க்கிறார்களே, அந்த வானவில் ட்ரவுட்டும் அங்கு உண்டு. மீன் வாயைத் திறந்து பூச்சியை விழுங்கும் ஓசை அமைதியான நீரில் நன்றாகவே கேட்கும். அந்த ஓசையைத் தேடிப் போகிறவர்களில் பலர் படகை விட்டுவிட்டு, ஒரு காற்று வளையத்தில் உட்கார்ந்து சத்தமின்றிச் செல்கிறார்கள்.

இந்த வளையத்திற்கு 'புளோட் டியூப்' என்று பெயர். நம் ஊர்க் கிணறுகளில் நீச்சல் பழகும் பையன்கள் பிடித்துக்கொள்ளும் லாரி டியூப்தான் இதற்கும் மூலம். டியூபுக்குக் கித்தான் உறை தைத்து, நடுவே கால்களை நுழைக்க இரண்டு ஓட்டைகள் உள்ள இருக்கை ஒன்றைப் பொருத்தினால் மிதவை தயார். பின்னாளில் வட்டத்தை மாற்றி, ஒரு பக்கம் திறந்த லாட வடிவத்திலும் செய்தார்கள். உட்கார்ந்தவர் இடுப்பளவு நீரில் இருப்பார். கைகள் தூண்டிற்கோலைப் பிடித்திருப்பதால் துடுப்புப் போட முடியாது. எஞ்சினும் சுக்கானும் அவருடைய இரண்டு கால்களே. அந்தக் கால்களில் மாட்டும் 'ஃபின்' என்னும் ரப்பர்த் தகட்டை நாம் கால் துடுப்பு என்போம்.

கடையில் நீளமான கால் துடுப்பு இருக்கும், குட்டையானது இருக்கும், நடுவே பிளந்ததும் இருக்கும். விலை அதிகமானதை வாங்கினால் போதும் என்று நினைப்பவர் உண்டு. கடலடியில் மூழ்கி நீந்துபவர் மாட்டும் நீண்ட துடுப்பே சிறந்தது என்று நினைப்பவர் அதைவிட அதிகம். காலையில் அமைதியாக இருந்த ஏரியில் பிற்பகல் காற்று எழும்பி, கரை அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதுதான் தேர்வு சரியா தவறா என்பது தெரியும். முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்கலாமே!

முதலில் நீரின் எதிர்ப்பு. மிதவையும் மனிதனும் சேர்ந்து நீருக்குக் காட்டும் முகப்புப் பரப்பு சுமார் 0.4 சதுர மீட்டர் என்று கொள்வோம். வடிவமோ மொழுக்கை. வினாடிக்கு கால் மீட்டர் வேகத்தில் சென்றால் நீரின் எதிர்ப்பு விசை ஏறத்தாழ 12 நியூட்டன். வேகம் அரை மீட்டரானால் 50 நியூட்டன். ஒரு மீட்டரானால் 200 நியூட்டன். அதற்குப் பயனுறு திறன் மட்டுமே 200 வாட் வேண்டும். சாதாரண மனிதன் ஒருவன் சைக்கிள் மிதித்து நெடுநேரம் தரக்கூடியது சுமார் 75 வாட்தான். எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடியாகவும், தேவைப்படும் திறன் மும்மடியாகவும் உயர்கிறது என்று பாடநூலில் படிப்பது இங்கே காலில் வலியாகத் தெரியும். ஆகவே எந்தத் துடுப்பை மாட்டினாலும் மிதவை வேகமாகப் போகாது. 'வேகம் தரும்' என்று விற்கப்படும் துடுப்பில் இந்தக் காரியத்துக்குப் பயனில்லை.

அடுத்தது காற்று. 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோகிராம்; கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மலை ஏரிக்காரர்களுக்கு இயற்கை தந்த சிறு தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளலாம். நீருக்கு மேல் தெரியும் உடலும் மிதவையும் அரைச் சதுர மீட்டர் என்றால், மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று சுமார் 6 நியூட்டன் விசையுடன் தள்ளும். காற்று மணிக்கு 36 கிலோமீட்டர் ஆனால் 25 நியூட்டன். அதை எதிர்த்துக் கால் மீட்டர் வேகத்தில் நீரைக் கடக்க வேண்டுமானால், நீரின் எதிர்ப்பையும் சேர்த்து ஏறத்தாழ 40 நியூட்டன் உந்துவிசை வேண்டும். ஆனால் காற்று மேல்மட்ட நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்நீரின் வேகம் காற்றின் வேகத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு. அதாவது வினாடிக்கு 0.2 முதல் 0.3 மீட்டர். இவ்வளவு உதைத்தும் மனிதர் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்பார்! கரையில் உள்ள மரத்தைப் பார்த்தால்தான் அவருக்கே இது தெரியவரும்.

அந்த 40 நியூட்டன் விசையைக் குறைந்த செலவில் பெறுவது எப்படி? நீரை ஒரு பக்கம் தள்ளினால் நாம் மறுபக்கம் தள்ளப்படுகிறோம். இது நியூட்டனின் மூன்றாம் விதி. வினாடிக்கு 40 கிலோகிராம் நீரை ஒரு மீட்டர் வேகத்தில் தள்ளினால் 40 நியூட்டன் கிடைக்கும். 20 கிலோகிராம் நீரை இரண்டு மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் அதே 40 நியூட்டன்தான். ஆனால் தள்ளப்பட்ட நீர் எடுத்துச் செல்லும் இயக்க ஆற்றலைப் பாருங்கள். முதல் முறையில் வினாடிக்கு 20 ஜூல். இரண்டாம் முறையில் 40 ஜூல். விசை ஒன்றே, வீண் செலவு இரு மடங்கு. நிறைய நீரை மெல்லத் தள்ளுவதே சிக்கனம். எனவே துடுப்பின் பரப்பு பெரிதாக இருக்க வேண்டும்.

அப்படியானால் மூழ்கு நீச்சல்காரரின் நீண்ட துடுப்புதானே பெரியது என்று கேட்கலாம். இங்கேதான் உட்காரும் விதம் குறுக்கிடுகிறது. மூழ்கி நீந்துபவர் நீரில் படுத்திருக்கிறார்; இடுப்பிலிருந்து முழுக்காலையும் வீசி உதைக்கிறார். மிதவைக்காரர் நாற்காலியில் அமர்ந்திருப்பதுபோல் இருக்கிறார். தொடை இருக்கையில் பதிந்துவிட, முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி மட்டும் ஆடுகிறது. காலை முன்னோக்கி நீட்டும்போது புறங்கால் பக்கத்தால் நீர் முன்னே தள்ளப்படுகிறது. மிதவை பின்னே போகிறது. ஆம், இவர்கள் எப்போதும் முதுகு காட்டியே பயணம் செய்கிறார்கள்!

இந்த உதையில் நீரின் அழுத்தம் பாதத்தைக் கீழ்நோக்கி மடக்கப் பார்க்கும். ஒரு துடுப்பின்மேல் 30 நியூட்டன் விசை விழுகிறது என்போம். அது செயல்படும் மையம் கணுக்காலிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் திருப்புத்திறன் 6 நியூட்டன் மீட்டர். 40 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் 12. இதைத் தாங்கும் தசைநாருக்குக் கணுக்காலில் கிடைக்கும் நெம்புகோல் தூரமோ நான்கு சென்டிமீட்டர் போலத்தான். ஆகவே குட்டைத் துடுப்பில் அத்தசை 150 நியூட்டன் இழுக்க வேண்டும். நீண்ட துடுப்பில் 300 நியூட்டன், அதாவது சுமார் 30 கிலோகிராம் எடையைத் தூக்குவதற்குச் சமம். ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான உதைகள்! நீண்ட துடுப்பு மாட்டியவருக்குத் தசைப்பிடிப்பு வருவதில் வியப்பில்லை. போதாக்குறைக்கு ஆழமற்ற இடத்தில் அது சேற்றிலும் பாசியிலும் மாட்டும். பரப்பு வேண்டும், ஆனால் அது பாதத்துக்கு அருகிலேயே வேண்டும். குட்டையும் அகலமுமான துடுப்பே இதற்கு விடை.

விறைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு முனை பொருத்தப்பட்ட சட்டத்தின் மறுமுனையில் பளு வைத்தால், அது தாழும் அளவு நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது. அதே தடிமனில் நீளத்தைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகும். எனவே குட்டைத் துடுப்புக்குத் தடித்த விலா எலும்புகள் தேவையில்லை. கடையில் நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள். நுனிப்பக்கம் வளைந்து நிமிர வேண்டும். பாதம் நுழையும் பையை ஒட்டிய பகுதி அசையக் கூடாது. முழுதும் துவண்டால் நீர் வழிந்தோடிவிடும். முழுதும் பலகைபோல் இருந்தால் கால் திரும்பி வரும்போதும் அதே எதிர்ப்பைத் தரும். வாத்து இதை நமக்கு முன்பே தீர்த்துவிட்டது. நீரைத் தள்ளும்போது விரலிடைச் சவ்வை விரிக்கிறது. காலைத் திரும்ப இழுக்கும்போது விரல்களைச் சேர்த்துக்கொள்கிறது. நுனி மேல்நோக்கி வளைந்த சில குட்டைத் துடுப்புகள் ஓரளவு இவ்வாறே நடந்துகொள்கின்றன. பிளந்த துடுப்புகள் விரைவான சிற்றுதைக்கு நல்லவை. கனத்த மிதவையை மெல்ல இழுக்க நான் அவற்றைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

பாதத்தில் பலகை கட்டிப் பார்க்கும் யோசனை பழையது. பெஞ்சமின் பிராங்க்ளின் சிறுவயதில் கைகளுக்குப் பலகைகளும் கால்களுக்குச் செருப்புப் போன்ற ஒன்றும் செய்து நீந்திப் பார்த்தார். காலணி அவருக்குத் திருப்தி தரவில்லை; உதையில் உள்ளங்கால் மட்டுமன்றிப் பாதத்தின் உட்பக்கமும் கணுக்காலும் பங்கு கொள்கின்றன என்று எழுதினார். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி தெ கோர்லியூ 1933இல் ரப்பர்த் துடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஓவன் சர்ச்சில் அதை அமெரிக்காவில் தயாரிக்க, இரண்டாம் உலகப் போரில் மூழ்கு வீரர்கள் அதை மாட்டிக்கொண்டார்கள். அதாவது இக்கருவி பிறந்தது நீந்துபவருக்காக. மிதவைக்காரர் இரவல் வாங்கியவர். பொருத்தமின்மைக்கு வேர் அங்கேதான்.

அளவு பார்க்கும்போது வெறுங்காலோடு பார்க்கக் கூடாது. குளிர்ந்த ஏரியில் இறங்குபவர் நீர் புகாத நியோப்ரீன் கால்சட்டையும் அதன்மேல் காலணியும் அணிந்திருப்பார். அவற்றோடு துடுப்பின் பைக்குள் கால் நுழைய வேண்டும். நீர் காற்றைவிட ஏறக்குறைய 24 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. பை இறுக்கமாக இருந்து இரத்த ஓட்டமும் தடைப்பட்டால் கால் விறைத்துவிடும். தளர்வாக இருந்தாலோ துடுப்பு கழன்றுவிடும்.

ஒரு துடுப்பு கழன்றால் என்ன ஆகும்? உந்துவிசை நடுக்கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிச் செயல்படும். மிதவைக்குப் படகைப்போல் அடிக்கட்டை கிடையாது. எனவே நீங்கள் வட்டமடிப்பீர்கள். மீதமுள்ள காலை நடுவுக்குக் கொண்டுவந்து மெல்ல உதைத்தால் ஒருவாறு நேராகப் போகலாம். இதைத் தவிர்க்க, துடுப்பைக் கணுக்காலோடு ஒரு நாடாவால் கட்டிவிட வேண்டும். மிதக்கக்கூடிய துடுப்பாக இருந்தாலும் இது தேவை, ஏனெனில் காற்றில் அது உங்களைவிட வேகமாகப் போய்விடும். காற்றடைத்த எதுவும் ஓட்டையாகலாம் என்பதால் உயிர்காப்புச் சட்டையும் வேண்டும்.

புதிய துடுப்பை மாட்டிக்கொண்டு, பின்புறமாக நடந்து நீரில் இறங்குங்கள். முன்னோக்கி நடந்தால் தகடு தடுக்கி விழ நேரும். கரையோரமாகவே 50 மீட்டரைக் காற்றுக்கு எதிராகக் கடந்து, கடிகாரத்தில் நேரத்தைப் பாருங்கள். அமைதியான நீரில் அதே தூரத்துக்கு ஆன நேரத்தோடு அதை ஒப்பிடுங்கள். காற்றுக்கு எதிராக இரண்டு மடங்குக்கு மேல் ஆனால், அன்று காற்று வரும் திசையை நோக்கியே முதலில் செல்ல வேண்டும். திரும்பும்போது அதே காற்று உங்களைப் புறப்பட்ட கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும்.