ஜாடி மூடியை உடைத்த அம்மா

வாசகர் கையில் கதை – 9

சென்ற வாரம் பார்த்த ஜப்பானிய எழுத்தாளர் பனானா யோஷிமோட்டோவின் 'கிச்சன்' நாவலில், பாட்டியைப் பறிகொடுத்த பெண்ணுக்குச் சமையலறையில் படுத்தால்தான் தூக்கம் வரும். ஆறுதல் தரும் சமையலறை அது. இந்த வாரம் கொரியா. இங்கே ஓர் அம்மா சமையல் சலித்துப்போனால் கொல்லைக்குப் போய், ஜாடி மூடி ஒன்றை எடுத்துச் சுவரில் வீசி உடைக்கிறாள்.

நாவலை எழுதியவர் ஷின் கியுங்-சூக். 2008இல் வெளிவந்து, 2011இல் 'ப்ளீஸ் லுக் ஆஃப்டர் மாம்' என்ற பெயரில் ஆங்கிலத்துக்குப் போனது. கிராமத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்கக் கணவரோடு வருகிறாள் 69 வயது பார்க் சோ-ன்யோ. சியோல் ஸ்டேஷனில் கூட்டம். கணவர் சுரங்க ரயிலில் ஏறிவிடுகிறார், அவள் நடைமேடையில் நின்றுவிடுகிறாள். காலமெல்லாம் மனைவிக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தே பழகியவர் அவர், திரும்பிப் பார்க்கும் வழக்கம் கிடையாது. காணவில்லை என்று நோட்டீஸ் அடிக்கப் பிள்ளைகள் கூடி உட்காருகிறார்கள். அம்மா பிறந்தது எந்த வருஷம் என்பதிலேயே குழப்பம். பதிவில் ஒன்று இருக்கிறது, நிஜம் வேறாக இருக்கிறது.

கொரியாவில் ஒரு வருஷத்துக்குள் பத்து லட்சம் பிரதிகள் விற்றன. 2010இல் நாடகமானது, அடுத்த வருஷம் இசை நாடகம். 2011க்கான மேன் ஏசியன் விருது கிடைத்தது. அதை வாங்கிய முதல் பெண் ஷின்தான். பத்து லட்சம் பேர் ஒரு புத்தகத்தை வாங்கினால் கதையைத் தாண்டி ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். என்ன நடந்தது என்பது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. எழுத்தாளரான மூத்த மகளின் பகுதி முழுவதும் 'நீ' என்றே போகிறது. அம்மா தொலைந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய், அம்மாவிடம் கடைசியாக என்ன சொல்லி எரிந்து விழுந்தாய் என்று கதை நம்மைப் பார்த்தே விரல் நீட்டுகிறது. கணவரின் பகுதியிலும் அதே விசாரணை. படித்தவர்கள் நாவலைப் பற்றிச் சொன்னதைவிடத் தங்கள் அம்மாவைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம். சொல்லும்போது அழுதார்கள். அமெரிக்காவிலும் நன்றாகவே விற்றது.

அழ மறுத்தவர்களும் உண்டு. அமெரிக்க வானொலி விமர்சகர் மொரீன் கொரிகன், இது வாசகரைக் குற்றவுணர்ச்சியில் தள்ளிக் கண்ணீர் கறக்கும் கதை என்று சாடினார். கொரிய உணவான கிம்ச்சியை இழுத்து அவர் அடித்த கிண்டல் பலருக்கு ஆத்திரமூட்டியது. எரிச்சல்படும் அளவுக்கு அவருடைய கிண்டல் மட்டமானதுதான். ஆனால் எனக்குப் பட்டது வேறு. அழுதவர்களும் சரி, கிண்டலடித்தவரும் சரி, ஒரே அம்மாவைத்தான் பார்த்திருக்கிறார்கள்: வாய் திறக்காமல் தேய்ந்துபோன தியாகச் சிலை. நாவலில் அப்படி ஒருத்தி இல்லை.

இருப்பவள் வேறொருத்தி. அம்மாவுக்குச் சமையல் பிடித்திருந்ததா என்று ஒருநாள் மகள் கேட்கிறாள். பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்கிற பேச்சுக்கே அங்கே இடமிருக்கவில்லை. சமைத்தால்தானே நீங்கள் தின்று பள்ளிக்கூடம் போக முடியும் என்கிற மாதிரி பதில் வருகிறது. ஜாடி மூடி விஷயமும் அப்போதுதான் வெளியே வருகிறது. (அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யைப் படித்தவர்களுக்கு அந்தச் சத்தம் முன்பே கேட்டிருக்கும்.) இவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதைப் பிள்ளைகளிடம் மறைத்தே வாழ்ந்திருக்கிறாள். பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் ஓர் அநாதை இல்லத்துக்கு உதவுகிறாள், மகள் எழுதிய நாவலை அங்கே ஒரு பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள். கணவருக்குத் தெரியாத ஓர் ஆண் சிநேகிதமும் உண்டு. கடைசியில் அவளே பேசும் பகுதியில், கணவர் குடும்பத்து இடுகாடு எனக்கு வேண்டாம், என் பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்கிறாள். அழுதுகொண்டிருந்தவர்கள் இந்த இடத்தை எப்படிக் கடந்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். செத்த பிறகாவது இந்தக் குடும்பம் வேண்டாம் என்று ஒருத்தி சொல்கிறாள்!

எட்டு வருஷம் கழித்து, 2016இல், அதே கோரிக்கையை உயிரோடு இருக்கும்போதே கேட்கும் ஒருத்தி வந்தாள். சோ நாம்-ஜூவின் 'கிம் ஜி-யங், பிறப்பு 1982' நாவலின் நாயகி. குழந்தைக்காக வேலையை விட்ட சாதாரணப் பெண். சூசாக் பண்டிகைக்கு பூசானில் மாமியார் வீட்டில் அடுப்படியே கதி. நாத்தனார் பிறந்த வீட்டுக்கு வந்து நிற்கிற நேரத்தில், ஜி-யங் திடீரென்று தன் அம்மாவின் குரலில் சம்பந்தியம்மாவிடம் பேச ஆரம்பிக்கிறாள்: உங்கள் மகள் வந்துவிட்டாள், எங்கள் மகளையும் அனுப்பிவையுங்கள்.

இதுவும் பத்து லட்சம் விற்றது. ஆனால் வரவேற்பு எப்படி? படித்தேன் என்று சொன்ன ஒரே காரணத்துக்காக 2018இல் ரெட் வெல்வெட் இசைக்குழுப் பாடகி ஐரீனின் படங்களை ஆண் ரசிகர்கள் சிலர் எரித்தார்கள். 2019இல் படமானபோது, வெளியிடக் கூடாது என்று அதிபர் மாளிகைக்கு மனு போட்டார்கள். நாயகியாக நடித்த ஜங் யூ-மிக்கு வசவு. இன்னொரு பக்கம், நாடாளுமன்ற உறுப்பினர் ரோ ஹோ-சான் இதே புத்தகத்தை அப்போதைய அதிபர் மூன் ஜே-இன்னுக்குப் பரிசாகக் கொடுத்தார்.

பார்க் சோ-ன்யோவுக்காக யாரும் எதையும் எரிக்கவில்லை. அவள் தொலைந்துவிட்டாள்; அவளுக்காகச் செய்ய இனி அழுகை தவிர ஒன்றுமில்லை. ஜி-யங் அடுத்த அறையில் இருக்கிறாள். அவளுக்கு அழுதால் போதாது, எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ வேண்டும், பண்டிகைக்கு யார் வீட்டுக்கு முதலில் போவது என்று பேச வேண்டும். சோ நாம்-ஜூ நடையில் ஷின்னுக்கு ஈடல்ல என்பேன். பல இடங்களில் அறிக்கை வாசிப்பது போலிருக்கும், புள்ளிவிவரத்துக்கு அடிக்குறிப்பு வேறு. ஆனாலும் கோபத்தைச் சரியான வாசலில் கொண்டுபோய் விட்டது அவர்தான்.

ஷின்னின் கதை பிறகு சிக்கலானது. 2015இல் அவருடைய பழைய சிறுகதை ஒன்று ஜப்பானிய எழுத்தாளர் மிஷிமாவின் கதையைத் தழுவியது என்று குற்றச்சாட்டு எழுந்து, கொண்டாடிய வாசகர்களே அவரை உலுக்கி எடுத்தார்கள். நீண்ட மௌனத்துக்குப் பின் 2021இல் அடுத்த நாவலோடு திரும்பினார். அதில் அம்மா சிகிச்சைக்காக சியோல் போய்விட, தனியாக இருக்கும் அப்பாவைக் கவனித்துக்கொள்ள மகள் ஊருக்கு வருகிறாள். அப்பாவுக்கு அழ எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)