பாதிப் படகு மனித உடல்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், ஃபுளோரிடாவிலிருந்து வர்ஜீனியா பீச் வரை ஏறத்தாழ 1,000 மைல் தூரத்துக்கு ஒரு பாய்மரப் பந்தயம் உண்டு. வோரல் 1000 என்று பெயர். 1976இல் தொடங்கி, இடையில் பல ஆண்டுகள் நின்றுபோய், 2019இல் மறுபடி உயிர்பெற்றது. இதில் ஓடுபவை இரண்டே பேர் ஏறும் சின்னக் கேட்டமரான்கள். நம் மீனவர்களின் கட்டுமரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: இரண்டு ஒல்லியான மிதவைகளைக் குறுக்குச் சட்டங்களால் பிணைத்து, நடுவே விறைப்பான துணியை இழுத்துக் கட்டிய படகு இது. அறை கிடையாது, சாய்ந்து உட்கார முதுகுப்பலகைகூடக் கிடையாது. காலையில் கரையலையைத் தாண்டிப் போய், பெரும்பாலும் சாயங்காலம் இன்னொரு கடற்கரையில் ஏற வேண்டும். இத்தகைய பந்தயத்துக்கு முன் கரையோரமாக ஒரு முழுநாள் ஓட்டிப் பார்ப்பதை மனத்துணிவுக்கான பயிற்சி என்று நினைப்பவர்கள் உண்டு. என் பார்வையில் அது ஒரு பொறியியல் சோதனை. ஒரு மணி நேரச் சவாரி அதற்கு ஈடாகாது.

காரணம் படகின் எடைக்கணக்கிலேயே இருக்கிறது. பெரிய பாய்மரப் படகுகளுக்கு அடியில் ஈயமோ இரும்போ கனமாகத் தொங்கும்; சாயச் சாய அது நிமிர்த்தும். கேட்டமரானுக்கு அந்த வசதி இல்லை. காற்று வரும் பக்கத்து மிதவை தண்ணீரை விட்டு எழும்பும் கணத்தில்தான் அதன் நிமிர்த்தும் திறன் உச்சத்தில் இருக்கும். அதற்கு மேல் சாய்ந்தால் திறன் குறைந்துகொண்டே போகும். ஹோபி ஆல்ட்டர் உருவாக்கிய ஹோபி 16 படகை எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 145 கிலோ, அகலம் 2.41 மீட்டர். படகின் எடை மட்டும் தரும் நிமிர்த்தும் திறன் தோராயமாக 150 கிலோ-மீட்டர் (கிலோவில் எடை பெருக்கல் மீட்டரில் தூரம்). இடுப்புக் கச்சையைக் கம்பியில் மாட்டி, படகின் விளிம்பில் கால் ஊன்றி, கடலுக்கு மேல் உடலை முழுக்க நீட்டி நிற்கும் 70 கிலோ ஆட்கள் இருவர் தருவது சுமார் 450. ஆக, படகைக் கவிழாமல் பிடித்திருப்பதில் முக்கால் பங்கு மனித உடலின் வேலை. இருவரில் ஒருவர் களைத்து உள்ளே வந்து மிதவையின் மேல் உட்கார்ந்தால், மொத்தத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு போய்விடும். அதற்கேற்பப் பாயைத் தளர்த்தி, வரும் காற்றை வீணாக்கத்தான் வேண்டும்.

அந்த உடல் எப்போது களைக்கும் என்பதை முதல் மணி நேரம் சொல்லாது. வீசும் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் எவ்வளவு நீர் இழந்தோம் என்றே தெரியாது. உடல் எடையில் இரண்டு சதவீதம் நீர் குறைந்தாலே நீடித்து உழைக்கும் திறன் சரியத் தொடங்குகிறது. நாள் முழுக்க உப்புநீரில் ஊறிய விரல்தோல் கயிறு உரசினால் கிழிகிறது. படகின் குறைகளும் இதே மாதிரிதான். மணிக்கு அரை லிட்டர் கசியும் மிதவையைச் சின்னச் சவாரி முடிந்து பின்முனை வடிகால் மூடியைத் திறந்து பார்ப்பவர், மூடியைச் சரியாக முடுக்கவில்லை போலும் என்று விட்டுவிடுவார். பத்து மணி நேரம் போனால் அதுவே ஐந்து கிலோ. பெரிய எடையா என்றால், இல்லை. ஆனால் அது ஓரிடத்தில் நிற்காது. அலையில் முன்முனை தாழும்போதெல்லாம் முன்னால் ஓடி, தாழ்ந்ததை இன்னும் தாழ்த்தும். கேட்டமரான் மூக்கு குத்தித் தலைகுப்புறக் கவிழ்வது அப்படிப்பட்ட நொடியில்தான்.

இந்தக் காலத்தில் கணினி இதையெல்லாம் கணக்கிடாதா என்று கேட்கலாம். இந்தக் காற்றுக்கு, இந்தக் கோணத்தில், இவ்வளவு வேகம் என்று அட்டவணை தரும்; உண்மை. ஆனால் ஆட்கள் வெளியே நீட்டி நிற்கிறார்கள் என்ற அனுமானத்தில்தான் அந்த எண்கள் நிற்கின்றன. காலையில் சோம்பலாக இருந்து, நிலம் சூடேறிய பின் வலுக்கிற கடல்காற்று, அவர்கள் சோர்ந்திருக்கும் பிற்பகலில்தான் உச்சத்துக்கு வருகிறது. இன்னொரு ஆட்சேபம் கனமானது: பந்தய நாளின் வானிலை ஒத்திகையில் கிடைக்காது. வடக்கு நோக்கி ஓடும் வளைகுடா நீரோட்டத்தின் மேல் வாடைக்காற்று எதிர்த்து வீசினால் அலைகள் செங்குத்தாக எழும். அதை இதமான ஒரு நாளில் சந்திக்கவே முடியாது. ஒப்புக்கொள்கிறேன். முழுநாள் ஓட்டம் கடலைச் சோதிப்பதில்லை. கடல் மோசமாகும்போது கையில் என்ன மிச்சமிருக்கும் என்பதைத்தான் சோதிக்கிறது.

பந்தயத்துக்கு முன்பே படகைத் தேய்ப்பானேன் என்பவர்களுக்குப் பதில் எளிது. சரியாக மாட்டாத பூட்டு வளையம், இறுகாத முடிச்சு போன்றவை பெரும்பாலும் முதல் நீண்ட உழைப்பிலேயே காட்டிக்கொடுத்துவிடும். தாங்கியவை சில நாள் கூடுதல் ஓட்டத்தால் கெடுவது அபூர்வம். உடல் விஷயத்தில் மட்டும் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கிழிந்த உள்ளங்கை ஆறப் பல நாளாகும், மாற்று உதிரிபாகம் வந்து சேரவும் அவகாசம் வேண்டும். ஆகவே இந்த ஓட்டத்தைப் பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பே வைத்துக்கொள்வது நல்லது. முந்தைய நாள் போனால் தெரிந்த குறையைச் சரிசெய்ய நேரமிருக்காது, ஆறாத கையோடு வேறு கிளம்ப வேண்டியிருக்கும்.