சிறுத்தைக்கு எந்தத் துவக்கு?

டயகம மேற்கில் தேயிலை முடியும் இடத்திலேயே ஹோர்ட்டன் சமவெளிக் காடு தொடங்கிவிடுகிறது. மரையும் பன்றியும் இறங்கும் தடத்தில் சிறுத்தையும் இறங்கும். பகலில் கானுக்குள்ளோ செடியின் அடியிலோ படுத்துக் கிடக்கும். இருட்டியதும் லயத்து நாய்களைத் தேடி வரும். நாயைப் பறிகொடுத்த வீட்டில் மறுநாள் காலை எழும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒரு துவக்கு இருந்திருந்தா..."

சரி, இருந்தால் எந்தத் துவக்கு? வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் இது சாதாரணக் கேள்வி. 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கரிடம் பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் கடையில் செய்வித்த றைபிள் ஒன்று இருந்தது. எடை 21 இறாத்தல். அது எறிந்த ஈயக் குண்டோ 3 அவுன்ஸ். யானையின் மண்டையோட்டை உடைக்கச் செய்த ஆயுதம் அது.

சிறுத்தைக்கு அது தேவையே இல்லை. இலங்கைச் சிறுத்தையில் ஆண் சராசரியாக 56 கிலோ, பெண் 29 கிலோ. நம் வீட்டு ஆள் ஒருவரின் எடைதான். தோல் மெல்லியது, விலா எலும்பும் அப்படியே. அமெரிக்க மலைகளின் பூமாவும் ஏறத்தாழ இதே கட்டு. அங்கே நாய்களை விட்டு விரட்டி, மரத்தில் ஏற்றி, கிட்ட நின்று சுடுவார்கள். மான் வேட்டைக்கு வைத்திருக்கும் நடுத்தர றைபிளே அதற்குத் தாராளம். 1926இல் இமயமலைப் பகுதியில் ருத்ரபிரயாக் ஆட்கொல்லிச் சிறுத்தையைச் சுட்ட ஜிம் கார்பெட் கையில் இருந்ததும் .275 ரிக்பி என்ற மெல்லிய றைபிள்தான். அதன் குண்டு 9 கிராம். நொடிக்கு 820 மீற்றர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், இயக்க ஆற்றல் சுமார் 3,000 ஜூல்.

ஆனால் ஆற்றலைக் கொண்டுபோவது ஒன்று, அதை உடலுக்குள் இறக்கிவைப்பது வேறொன்று. முழுக்க உலோக உறை போட்ட கூர்க்குண்டு மெல்லிய உடலை ஊசிபோலத் துளைத்து மறுபக்கம் வெளியேறிவிடும். ஆற்றலில் பாதிக்குமேல் பின்னால் இருக்கும் மண்மேட்டுக்குப் போகலாம். மிக மென்மையான குண்டோ தோள் எலும்பிலேயே சிதறி, நுரையீரலை எட்டாமல் நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில், முனையில் ஈயம் தெரிய உறை போட்ட குண்டை வேட்டைக்காரர்கள் விரும்பினார்கள். உள்ளே போனதும் அதன் முனை குடைக்காளான்போல விரியும். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதசாலையில் போர்வீரர்களுக்காகச் செய்த இதே வகைக் குண்டை 1899 ஹேக் பிரகடனம் யுத்தத்தில் தடைசெய்தது. மனிதனுக்குக் கூடாதது மிருகத்துக்கு ஆகும் என்று முடிவானது எப்படியோ! இதற்கு வேட்டைக்காரர்களிடம் ஒரு பதில் உண்டு: விரியாத குண்டு காயப்படுத்திவிட்டு விலங்கை ஓடவிடும். காயம்பட்ட சிறுத்தையைப் புதருக்குள் தேடிப் போவதைவிட ஆபத்தான வேலை வேட்டையில் குறைவு.

றைபிளுக்குப் பதில் பன்னிரண்டு போர் துவக்கில் எஸ்ஜி தோட்டா போட்டால் எட்டொன்பது ரவைகள் பறக்கும். பத்து மீற்றரில் அது பயங்கரம். நாற்பது மீற்றரில் ரவைகள் விரிந்துபோய், ஒன்றிரண்டுதான் படும். உயிர் போகாது, கோபம்தான் வரும்.

இன்றைக்குச் சிறுத்தை சட்டம் காக்கும் விலங்கு. டயகமவுக்கு அதற்காக வரக்கூடிய ஒரே துவக்கு, வனஜீவராசிகள் திணைக்களத்து மிருக வைத்தியருடையது. மயக்க ஊசி எய்யும் அதன் கணக்கு தலைகீழ். ஊசிக்குண்டு 10 கிராம், வேகம் நொடிக்கு 60 மீற்றர் என்றால் ஆற்றல் 18 ஜூல் மட்டுமே. அதிலும் கூடினால் தொடை எலும்பு முறியும். குறைந்தால் ஊசி தோலில் பட்டுத் தெறிக்கும். எனவே தூரத்தை அளந்து காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். ஊசியின் பக்கத்தில் ஒரு சிறு துளை, அதை மூடி ஒரு ரப்பர் வளையம். ஊசி சதைக்குள் இறங்கும்போது தோல் அந்த வளையத்தைப் பின்னே தள்ள, அடைத்து வைத்த காற்று மருந்தை உள்ளே செலுத்துகிறது. கெற்றமினும் தசையைத் தளர்த்தும் இன்னொரு மருந்தும் சேர்ந்த கலவை அது. அளவு உடல் எடையைப் பொறுத்தது. எடையைக் கண்ணால்தான் மதிப்பிட வேண்டும்.

இவ்வளவு செய்தும் பல தடவை பிந்திவிடுகிறது. பன்றிக்காகக் கட்டிய கம்பிச் சுருக்குதான் மலையகத்தில் சிறுத்தைக்கு உண்மையான எமன். 2020 மே 26இல் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை கழுத்தில் சுருக்கு இறுகிய நிலையில் மீட்கப்பட்டது. உடவளவவுக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் மூன்றாம் நாள் இறந்துபோனது. சுருக்கில் மணிக்கணக்கில் துடிக்கும் விலங்கின் உடல் சூடேறும், தசை சிதையும், அந்தச் சிதைவின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். இடுப்பில் இறுகியிருந்தால் குடலும் நசுங்கும். கம்பியை வெட்டி விட்டதும் பாய்ந்து ஓடும் சிறுத்தை பிழைத்துவிட்டதென்று நினைக்கக் கூடாது. இரண்டு நாளில் காட்டுக்குள் சாகலாம்.

வைத்தியர் ரந்தெனிகலவிலிருந்து மலைப்பாதையில் வந்துசேர மணித்தியாலங்கள் ஆகும். அதுவரை சுற்றி நின்று கைத்தொலைபேசியில் படமெடுக்கும் கூட்டத்தைக் கண்டு சுருக்கில் கிடக்கும் சிறுத்தை மேலும் திமிறும், கம்பி மேலும் இறுகும். தோட்டத்தில் யாராவது செய்யக்கூடிய உதவி, ஆட்களை அடுத்த மலைக்கு அனுப்பிவிட்டு, நாய்களைக் கட்டிப்போடுவது.