மாநில எல்லையோடு முடிந்துபோகும் துப்பாக்கி உரிமம்

பென்சில்வேனியாவில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல முறைப்படி உரிமம் பெற்றிருந்த ஓர் இளம்தாய், 2013 அக்டோபரில் காரில் நியூஜெர்சிக்குள் நுழைந்தார். சாலையில் நிறுத்திய காவலரிடம், துப்பாக்கியும் உரிமமும் வைத்திருப்பதாக அவரே சொன்னார். உடனே கைது. பென்சில்வேனிய உரிமம் நியூஜெர்சியில் செல்லாது. குற்றம் உறுதியானால் குறைந்தது மூன்றரை ஆண்டு சிறை என்ற நிலையில் நின்றவருக்கு, 2015-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு அளித்தார்.

அமெரிக்கா முழுவதற்கும் பொதுவான துப்பாக்கி உரிமம் கிடையாது. வெர்மான்ட் மாநிலம் என்றுமே உரிமம் கேட்டதில்லை. டெக்சாஸ் 2021-ல் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. நியூயார்க்கிலோ, தனிப்பட்ட அவசியத்தை நிரூபித்தால்தான் உரிமம் என்ற நூறாண்டுப் பழைய விதி இருந்தது. அதை 2022-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் பயிற்சியும் பின்னணிச் சோதனையும் கேட்கும் உரிமை மாநிலங்களுக்கு இன்றும் உண்டு. பள்ளி, நீதிமன்றம் போன்ற இடங்களில் தடையும் விதிக்கலாம்.

அங்கு வேலைக்கும் படிப்புக்கும் போயிருக்கும் தமிழர்கள் ஒன்றைக் கட்டாயம் அறிய வேண்டும். ஹெச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. 'டெக்சாஸில் உரிமமே வேண்டாமாம்' என்று நண்பர் சொல்வதை நம்பி இறங்கினால், 15 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். கிரீன் கார்டு உள்ளவர்கள் துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் அவர்களையும் நாடு கடத்தலாம்.

பல மாநிலங்களைக் கடந்து போகிறவர்களுக்கு 1986-ம் ஆண்டுச் சட்டம் ஓரளவு பாதுகாப்பு தருகிறது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருப்பது சட்டப்படி செல்ல வேண்டும். தோட்டாவை நீக்கி, கைக்கு எட்டாத இடத்தில், காரானால் டிக்கியில், வைத்திருக்க வேண்டும். இந்தப் பாதுகாப்பு எவ்வளவு குறுகலானது என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. 2005-ல் யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் பென்சில்வேனியாவுக்குப் போகும் வழியில், நியூஜெர்சியின் நியூவர்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். துப்பாக்கி இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு இரவு ஹோட்டலில் தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் அதை முறையாகத் தெரிவித்தபோது கைதானார். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் அவர் நஷ்டஈடு கேட்டுத் தொடுத்த வழக்கு 2010-ல் தோற்றது. இரவில் பெட்டி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்றது நீதிமன்றம். நேர்மையாக நடந்தவருக்கு இது மிகக் கடுமையான முடிவு.

ஆகவே பயணத்துக்கு முன், வழியில் வரும் ஒவ்வொரு மாநிலமும் எந்தெந்த உரிமங்களை ஏற்கிறது என்று அந்தந்த மாநில அரசின் இணையதளத்திலேயே பார்த்துவிட வேண்டும். காவலர் நிறுத்தினால் துப்பாக்கி இருப்பதை உடனே சொல்ல வேண்டும் என்பது சில மாநிலங்களில் சட்டம். சிலவற்றில் கேட்டால் சொன்னால் போதும். இதையும் முன்பே அறிந்துகொள்வது நல்லது. கைதாகிவிட்டால், வழக்கறிஞர் வரும்வரை பேசாமலிருக்க உரிமை உண்டு. குடியுரிமை இல்லாதவர் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன், நாடு கடத்தப்படும் ஆபத்து பற்றி அவருடைய வழக்கறிஞர் எச்சரித்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்திருக்கிறது. தண்டனை குறையும் என்ற பேச்சைக் கேட்டு அவசரமாகக் கையெழுத்துப் போடாமல், முதலில் அந்த விளக்கத்தைக் கேட்டுப் பெற வேண்டும்.